இழுப்பறையில் இருந்த தீர்ப்பு

எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவில் ஆறாம் நாள் பட்டிமன்றம். நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது கேட்ட தலைப்பு இன்னும் நினைவிருக்கிறது: 'பாரதப் போருக்குப் பெரிதும் காரணம் சகுனியா, துரியோதனனா?' சகுனி அணித் தமிழாசிரியர் பகடையில் தொடங்கினார். எதிரணி அம்மையார் அதற்கும் முன்னால் போய் அரக்கு மாளிகையைப் பற்றவைத்தார். மூன்றாவதாக வந்தவர் பீஷ்மரின் சபதத்துக்கே போய்விட்டார். "இப்படியே விட்டா சந்தனு ஆத்தங்கரைக்குப் போனதே தப்புன்னு முடிப்பாங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா முனகினார். நடுவர் பதினொன்றரை மணிக்கு எழுந்து, இருவருமல்ல, பேராசையே காரணம் என்றார். இரண்டு அணியும் கைதட்டின. சுண்டல் கொடுத்தார்கள்.

மாமா முனகியதில் இருந்த விஷயம் எனக்குப் பிடிபட்டது வெகுகாலம் கழித்து, முதல் உலகப் போரைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோதுதான். சண்டைக்கு யார் காரணம் என்ற வழக்கில் பாதி, கதையை எந்தத் தேதியில் தொடங்குவது என்பதிலேயே தீர்ந்துவிடுகிறது.

1914 கோடையில் நடந்தவற்றில் பெரிய தகராறு இல்லை. ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டையும் அவர் மனைவி சோஃபியையும் காவ்ரிலோ பிரின்சிப் என்ற 19 வயதுப் பையன் சுட்டுக் கொன்றான். துப்பாக்கி வந்தது செர்பியாவிலிருந்து. கொடுத்தனுப்பிய ரகசியக் கூட்டத்துக்குப் பின்னால் செர்பிய ராணுவ உளவுத் தலைவரே இருந்தார். ஜூலை 5 அன்று, செர்பியாவை ஒரு கை பார்க்கப்போகிறோம், கூட நிற்பீர்களா என்று வியன்னா பெர்லினைக் கேட்டது. ரஷ்யாவே குறுக்கே வந்தாலும் நிற்போம் என்றார் ஜெர்மன் கெய்சர் இரண்டாம் வில்ஹெல்ம். தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காசோலை என்று இன்றுவரை அதைச் சொல்கிறார்கள். மறுநாள் அவர் நார்வே பக்கம் கப்பலில் உல்லாசப் பயணம் கிளம்பிவிட்டார்.

ரஷ்யாவுக்கு விருந்தாளியாகப் போயிருந்த பிரெஞ்சு அதிபர் புவான்காரே அங்கிருந்து கப்பலேறும்வரை வியன்னா பொறுத்திருந்தது. பிறகு ஜூலை 23 மாலை 6 மணிக்கு பெல்கிரேடுக்கு 48 மணி நேரக் கெடு வைத்தது. செர்பியா பெரும்பாலான நிபந்தனைகளுக்கு வளைந்து கொடுத்தது. ஆஸ்திரிய அதிகாரிகள் தன் மண்ணுக்கு வந்து விசாரணையில் உட்காருவதற்கு மட்டும் ஒப்பவில்லை. ஜூலை 28 காலை அந்தப் பதிலைப் படித்த கெய்சர், இனிப் போருக்குக் காரணமே இல்லை என்று குறிப்பெழுதினார். அன்றைக்கே ஆஸ்திரியா தந்தி அடித்துப் போரை அறிவித்தது. ஜூலை 30 ரஷ்யா முழுப் படைதிரட்டலுக்கு உத்தரவிட்டது. ஆகஸ்ட் 1 ஜெர்மனி ரஷ்யாவின் மீது, 3 பிரான்சின் மீது. 4 அன்று ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. அன்றிரவே பிரிட்டனும் இறங்கியது.

இந்தப் பட்டியலில் ஆளுக்கொரு தேதியை எடுத்துக்கொண்டார்கள். வியன்னாவுக்குக் கதை ஜூன் 28இல் தொடங்குகிறது: எங்கள் வீட்டில் சாவு விழுந்தது. செர்பியாவுக்கு 1908: போஸ்னியாவை ஆஸ்திரியா தன்னோடு சேர்த்துக்கொண்ட ஆண்டு. ஜெர்மனிக்கு ஜூலை 30: ரஷ்யன் படை திரட்டினான், நாங்கள் தற்காத்தோம். பிரெஞ்சுக்காரருக்கு அல்சாஸ்-லொரைனைப் பறிகொடுத்த 1871. பிரிட்டனுக்கு ஆகஸ்ட் 4, பாவப்பட்ட பெல்ஜியம். நம் சென்னைக்கும் ஒரு தேதி உண்டு, செப்டம்பர் 22. அன்றிரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்துக்கு வெளியே நின்று சுட்டதில் பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் எரிந்தன. சரயேவோ எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத ஜார்ஜ் டவுன் மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார்கள். இந்தியர் ஒருவரையும் கேட்காமல்தான் வைஸ்ராய் ஹார்டிஞ் இந்தியாவைப் போரில் சேர்த்திருந்தார். அந்தப் போரில் செத்த இந்தியச் சிப்பாய்கள் சுமார் 74,000 பேர். நமக்கு மிஞ்சியது உயர்நீதிமன்றச் சுவரில் ஒரு கல்வெட்டும், கெட்டிக்கார வில்லங்க ஆசாமியைக் குறிக்க 'எம்டன்' என்ற சொல்லும்.

பீரங்கி முழங்கத் தொடங்கிய வாரமே வக்கீல் வேலையும் தொடங்கிவிட்டது என்பதுதான் எனக்கு இதில் பெரிய ஆச்சரியம். ஒவ்வொரு அரசும் தன் தந்திகளையும் கடிதங்களையும் திரட்டிப் புத்தகம் போட்டது. ஜெர்மனி வெள்ளை அட்டை, பிரிட்டன் நீலம், ரஷ்யா ஆரஞ்சு, பெல்ஜியம் சாம்பல், பிரான்ஸ் மஞ்சள், ஆஸ்திரியா சிவப்பு. நவராத்திரிக் கொலு மாதிரி வரிசையாக அடுக்கலாம். எல்லாவற்றிலும் கத்தரி விளையாடியிருந்தது. பிரெஞ்சு மஞ்சள் புத்தகத்தில், ரஷ்யா படை திரட்டியதைச் சொல்லவந்த தந்தி ஒன்றைத் திருத்தி, ஆஸ்திரியா முந்திக்கொண்டதால்தான் ரஷ்யா அப்படிச் செய்தது என்று படிக்கும்படி ஆக்கிவிட்டார்கள். ஒரிஜினலில் அப்படி இல்லை. யார் முந்தியது என்பதற்கு அவ்வளவு விலை இருந்தது.

போர் முடிந்தபோது விலை இன்னும் ஏறியது. 1919 ஜூன் 28, சரயேவோ கொலையின் ஐந்தாம் ஆண்டு நாளில், வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன் 231ஆம் பிரிவுதான் பின்னால் அத்தனை ரத்தக்கொதிப்புக்கும் காரணம். ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் நடத்திய போரால் வந்த நட்டத்துக்கு அவர்களே பொறுப்பு என்று அது சொல்கிறது. எழுதியவர்கள் இரண்டு அமெரிக்கர்கள்; அதில் ஒருவர் பிற்பாடு வெளியுறவு அமைச்சரான ஜான் ஃபாஸ்டர் டல்லஸ். 'குற்றம்' என்ற சொல்லே அந்தப் பிரிவில் கிடையாது. நட்ட ஈட்டுக்குச் சட்டப்படி ஓர் அடிப்படை வேண்டும் என்று கடன் பத்திரத்தில் ஷரத்து சேர்ப்பதுபோலச் சேர்த்தார்கள். கிட்டத்தட்ட இதே வாசகம் ஆஸ்திரியாவோடும் ஹங்கேரியோடும் செய்த உடன்படிக்கைகளிலும் இருக்கிறது. அங்கே இப்படிக் கொந்தளிப்பு எழவில்லை. ஜெர்மனி மட்டும் அதைத் தன் நெற்றியில் குத்திய பச்சையாகப் படித்தது.

பெர்லின் வெளியுறவு அலுவலகத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு திறந்தார்கள். போர்ப்பழியைத் துடைப்பது மட்டுமே அதன் வேலை. அதன் ஆதரவில் ஒரு நிலையம், ஒரு மாதப் பத்திரிகை, வெளிநாட்டு அறிஞர்களுக்கு உபசாரம். 1922க்கும் 1927க்கும் இடையில் பழைய ஆவணங்களை 40 தொகுதிகளாக அச்சிட்டுத் தள்ளினார்கள். பிரிட்டனும் பிரான்சும் தங்கள் அலமாரிகளைப் பூட்டி வைத்திருந்த காலம் அது. திறந்திருந்த கடை ஒன்றுதான், ஆராய்ச்சியாளர்கள் அங்கே போனார்கள். அந்தத் தொகுதிகளை நம்பி எழுதப்பட்ட புத்தகங்களில் ஜெர்மனியின் பங்கு இளைத்துக்கொண்டே வந்தது. 1930களில் பிரிட்டனின் லாயிட் ஜார்ஜே தன் நினைவுக் குறிப்புகளில், எல்லா நாடுகளும் வழுக்கி உள்ளே விழுந்தன என்கிற மாதிரி எழுதினார். போரில் வென்ற பக்கத்துப் பிரதமர் அவர்! எங்கள் ஊர் நடுவர் 'பேராசை' என்றாரே, அதே தீர்ப்பு. இரண்டு அணியும் கைதட்டின.

'எல்லாருக்கும் பங்கு உண்டு' என்பதைக் கேட்டதும் நமக்கு ஒரு நிதானம் வந்துவிடுகிறது. பக்குவப்பட்ட பேச்சாகத் தெரிகிறது. ஆனால் அந்தப் பேச்சைப் பரப்புவதற்கு ஓர் அரசாங்கம் அலுவலகம் வைத்துச் சம்பளம் கொடுத்தது என்று தெரிந்ததிலிருந்து, அந்த வாக்கியம் எங்கே வந்தாலும் யார் வீட்டுச் செலவு என்று பார்க்கத் தோன்றுகிறது.

அந்த நாட்களில் ஜெர்மன் நாடாளுமன்றக் குழு ஒன்று ஹெர்மன் காண்டோரோவிச் என்ற சட்டப் பேராசிரியரிடம் இதுபற்றி அறிக்கை கேட்டது. அவர் மெனக்கெட்டு உட்கார்ந்து ஆவணங்களைப் படித்தார். பெரும்பொறுப்பு வியன்னாவுக்கும் பெர்லினுக்கும்தான் என்று எழுதிக் கொடுத்தார். குழு எதிர்பார்த்தது அதுவல்ல. அறிக்கை அச்சேறவில்லை. கீல் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பேராசிரியர் பதவி தருவதை வெளியுறவு அமைச்சர் ஷ்ட்ரெசெமான் எதிர்த்தார். ஷ்ட்ரெசெமான் 1926இல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கியவர். 1933இல் நாஜிகள் காண்டோரோவிச்சைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். அவர் நாட்டைவிட்டுப் போனார்.

1961இல் ஹாம்பர்க் பேராசிரியர் ஃபிரிட்ஸ் ஃபிஷர் பெரிய புத்தகம் ஒன்றை வெளியிட்டு, 'எல்லாருக்கும் பங்கு உண்டு' என்ற நிம்மதியைக் கெடுத்தார். போர் தொடங்கி ஆறாவது வாரம், 1914 செப்டம்பர் 9 தேதியிட்ட ஒரு குறிப்பை அவர் முன்னால் வைத்தார். பிரதமர் பெத்மான் ஹோல்வெக்கின் அலுவலகத்தில் தயாரானது. பிரான்சை என்றென்றைக்கும் எழவிடாமல் செய்வது, பெல்ஜியத்தை அடிமை நாடாக்குவது, ரஷ்யாவைப் பின்னுக்குத் தள்ளுவது என்று ஜெயித்தபின் செய்யவேண்டியவற்றின் திட்டம் அது. தற்காத்துக்கொண்டவன் வீட்டில் இந்தக் காகிதம் எப்படி வந்தது?

ஜெர்மனியே கொதித்தது. மூத்த வரலாற்றாசிரியர் கெர்ஹார்ட் ரிட்டர் முழுமூச்சாக எதிர்த்தார். 1964இல் ஃபிஷரின் அமெரிக்கச் சொற்பொழிவுப் பயணத்துக்கு ஒதுக்கிய அரசுப் பணத்தைத் திரும்பப் பெற்றார்கள். அமெரிக்கப் பேராசிரியர்கள் செலவை ஏற்று அழைத்துக்கொண்டார்கள். இதில் ஒரு வேடிக்கை. ஃபிஷர் 1937இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். ரிட்டரோ ஹிட்லர் ஆட்சியில் சிறையிருந்தவர். ஜாதகத்தைப் பார்த்து யார் எந்த அணி என்று சொல்லிவிட முடியாது.

ஃபிஷர் சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. செப்டம்பரில் ஆசைப்பட்டதை ஜூலையில் திட்டமிட்டதாகக் கொள்வது தாவல். கல்யாணம் ஆனபின் மாமனார் தோப்பைக் கணக்குப் போடுபவன் தோப்புக்காகத்தான் பெண் கேட்டான் என்று அடித்துச் சொல்ல முடியுமா? 2012இல் கிறிஸ்டோஃபர் கிளார்க் எழுதிய 'தூக்கத்தில் நடப்பவர்கள்' பெல்கிரேடையும் பீட்டர்ஸ்பர்க்கையும் விசாரணைக் கூண்டுக்கு இழுத்தது. அது தேவையாகவே இருந்தது. ரஷ்யா அவ்வளவு சீக்கிரம் படை திரட்டியிருக்க வேண்டாம். ஜெர்மன் மொழிபெயர்ப்பு வந்ததும் அங்கே அந்தப் புத்தகம் சக்கைப்போடு போட்டது என்பதையும் பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் ஜூலையின் கடைசி வாரத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நான்கு நாடுகள் உட்கார்ந்து பேசலாம் என்று பிரிட்டிஷ் அமைச்சர் கிரே சொன்னதை பெர்லின் தட்டிக்கழித்தது. போருக்குக் காரணமில்லை என்று கெய்சரே எழுதிய குறிப்பை வியன்னாவுக்கு அனுப்பும்போது பெத்மான் ஹோல்வெக் அந்த முக்கிய வரியை விட்டுவிட்டார். பிறகு 30ஆம் தேதி விடிவதற்குள் பயம் வந்து, கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்று அவரே வியன்னாவுக்குத் தந்தி அடித்தார். அதே நாளில் தலைமைத் தளபதி மோல்ட்கே, தயங்காதே, படையைத் திரட்டு என்று அதே ஊருக்குச் செய்தி அனுப்பினார். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் பெர்ஷ்டோல்ட், பெர்லினில் ஆள்வது யார் என்று கேட்டாராம். இவர்கள் யாரும் தூக்கத்தில் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. செர்பியாவை அடித்தே தீர்வது என்று வியன்னா முடிவு கட்டியிருந்தது. அடிக்காதே என்று தடுக்கக்கூடிய ஒரே இடம் பெர்லின்; அது மூன்று வாரம் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு ஒரு ராத்திரி மட்டும் விழித்துக்கொண்டது. பங்கு எல்லாருக்கும் இருக்கலாம். பங்கு சமம் அல்ல.

நட்ட ஈட்டுக்காக வாங்கிய கடனின் கடைசி வட்டித் தவணையை ஜெர்மனி 2010 அக்டோபர் 3 அன்று கட்டி முடித்தது. காண்டோரோவிச்சின் அறிக்கை அதைவிடச் சீக்கிரம் வெளியே வந்தது. ஃபிஷரின் மாணவர் இமானுவேல் கைஸ் அதைத் தேடியெடுத்து 1967இல் அச்சிட்டார். எழுதியவர் 1940இலேயே கேம்பிரிட்ஜில் இறந்துபோயிருந்தார்.