மிகைமெய்க் கண்ணாடி: யாருடைய தேவை?

ஒரு கருவி செய்யப்பட்டுவிட்டது என்பதனால் மட்டும் அது மக்களுக்குத் தேவையானதாகிவிடாது. எளிய இவ்வுண்மை, 'ஓக்மென்டட் றியாலிற்றி' என வழங்கும் மிகைமெய்க் கருவிகளைப் பற்றிய பேச்சிலே அடிக்கடி மறக்கப்பட்டுவிடுகின்றது. கண் காணும் உலகின் மீது கணினி வரையும் உருவையும் எழுத்தையும் படியவைத்துக் காட்டும் இக்கருவி, கைத்தொலைபேசியின் இடத்தை விரைவில் பிடித்துவிடும் என்று அதன் ஆதரவாளர் கூறுகின்றனர். இக்கூற்றுப் புதியதன்று. பத்தாண்டுகளுக்கு மேலாகச் சொல்லப்பட்டும் இன்னும் மெய்யாகாத கூற்று அது.

நடந்தவற்றை வரிசைப்படுத்தி நோக்குவோர்க்கு இது தெளிவாகும். கூகிள் நிறுவனம் 2013 இல் 1,500 டொலருக்கு வழங்கத் தொடங்கிய கண்ணாடியின் விற்பனை 2015 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. தொழிலகங்களுக்கென 2017 இல் வெளிவந்த அதன் மறுவடிவமும் 2023 இல் கைவிடப்பட்டது. மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் ஹோலோலென்ஸ் 2016 இல் 3,000 டொலர் விலையில் வந்தது. அதன் இரண்டாம் வடிவத்தின் உற்பத்தி 2024 இல் முடிவுற்றது. 2018 இல் 2,295 டொலருக்குக் கருவி விற்கப் புறப்பட்ட மஜிக் லீப் நிறுவனம், 2020 இல் சாதாரண நுகர்வோரை விட்டுத் தொழில் நிறுவனங்களின் பக்கம் திரும்பியது. 2024 பெப்ரவரியில் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட விஷன் புரோவின் விலையோ 3,499 டொலர். அறுநூறு கிராமுக்கு மேற்பட்ட பாரத்தை முகத்திலே சுமந்து, மின்கலத்தை வடத்திலே தொங்கவிட்டு, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அதனைப் பயன்படுத்தலாம்.

டொலருக்கு 300 ரூபா என்று கணக்கிட்டாலும் இவ்விலை பத்து இலட்சம் ரூபாவைத் தாண்டுகின்றது. உப்புவெளிக் கரையிலே கரைவலை இழுப்பவருக்கும், அலஸ்தோட்டத்து விடுதிகளிலே பணி புரிபவருக்கும் இது எத்தனை மாத உழைப்பு? 2022 இன் நெருக்கடியிலே படகுக்கு மண்ணெண்ணெய் வேண்டி வரிசையில் நின்ற மக்களை 'நாளைய நுகர்வோர்' என்று அழைப்பது அறியாமையின் பாற்பட்டது, அல்லது ஏளனத்தின் பாற்பட்டது.

"விலை குறையும், கைத்தொலைபேசியும் தொடக்கத்திலே செல்வர் பொருளாகத்தானே இருந்தது?" என்று வினவுவர். இவ்வாதம் வலுவுடையது போலத் தோன்றும். ஆயின் கைத்தொலைபேசியின் வரலாறே இதற்கு விடை கூறுகின்றது. கேரளத்தின் வடகரையிலே 1997 முதல் 2001 வரை கைத்தொலைபேசிச் சேவை படிப்படியாகப் பரவியது. அக்காலத்து மத்தி மீன் சந்தைகளை றொபேட் ஜென்சன் என்னும் பொருளியலாளர் ஆராய்ந்து 2007 இல் கட்டுரை வெளியிட்டார். கடலிலிருந்தே எந்தத் துறையில் என்ன விலை என்று கேட்டறிய முடிந்தமையால், வாங்குவாரின்றி மீன் வீணாவது நின்றது. மீனவரின் இலாபம் ஏறத்தாழ 8 வீதம் உயர்ந்தது. நுகர்வோர் கொடுத்த விலை ஏறத்தாழ 4 வீதம் குறைந்தது. அன்று அக்கருவி மலிவானதன்று. எனினும் மீனவர் வாங்கினர். தேவை முன்னே நின்றது. விலை பின்னே இறங்கி வந்தது. மிகைமெய்க் கருவியின் கதையிலோ கருவி முன்னே நிற்கின்றது. தேவையை விளம்பரம் தேடிக்கொண்டிருக்கின்றது.

இரண்டாவது தடை விலையினும் பெரிது. அணிபவர் ஒருவர், பார்க்கப்படுபவர் பலர். கூகிள் கண்ணாடி வந்த காலத்தில், படக்கருவியை முகத்திலே சூடி வருவோரை அமெரிக்காவின் சில உணவகங்களும் மதுச்சாலைகளும் உள்ளே விட மறுத்தன. அங்கேயே அவ்வாறாயின், திருகோணமலையில் எவ்வாறிருக்கும்? 2009 வரை நீடித்த போர்க்காலத்திலே சோதனைச் சாவடி தோறும் அடையாள அட்டையை நீட்டி நின்ற மக்கள், தம்மைப் பதிவு செய்யும் கண் எத்தகையது என்பதை நன்கறிவர். பதிவான முகம் எங்கே செல்கின்றது, யார் கையில் தங்குகின்றது என்னும் வினாக்களுக்கு விடையிறுக்காத கருவியை இம்மக்கள் ஏற்க வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமன்று.

மூன்றாவதாக, இக்கருவியால் பழம்பெருமையை மீட்கலாம் என்பாரும் உளர். 1622 ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட கோணேசர் கோயிலைச் சுவாமிமலை மீது மீண்டும் எழுப்பிக் கண்ணாடியூடே காட்டலாமே என்பர். 1950 களில் ஆதர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் அம்மலையடிக் கடலிலே கோயிற் சிதைவுகளைக் கண்டனர் என்பது உண்மை. ஆனால், இடிபடுமுன் இருந்த முழுத் தோற்றத்தை ஐயமறக் காட்டும் சான்று எஞ்சவில்லை. எஞ்சாத பகுதியை வரையப் போகிறவர் யார்? மூவினத்தவரும் வாழும் மாவட்டம் இது. எந்த மேட்டில் யாருடைய பழமை இருந்தது என்பதே இங்கு ஓயாத வழக்கு. இத்தகைய இடத்திலே, தொலைவிலுள்ள நிறுவனமொன்று தீட்டும் உருவத்தைக் கண்ணெதிரே மெய்போல நிறுத்துவது வரலாற்றுக்குச் செய்யும் தொண்டாகாது.

மறுபுறத்தில் உள்ளதையும் மறைத்தல் தகாது. ரே-பான் பெயரில் மெற்றா நிறுவனமும் எஸிலோர்லக்ஸொட்டிக்காவும் 2023 இல் வெளியிட்ட கண்ணாடி, 2025 தொடக்கத்துக்குள் இருபது இலட்சம் விற்பனையானது. ஆனால் அதன் வில்லையிலே எவ்வுருவும் தோன்றாது. ஒலியும் படக்கருவியும் சேர்ந்த மூக்குக்கண்ணாடியே அது. மிகைமெய்யைக் கைவிட்ட பின்னரே சந்தை கிட்டியது என்பது சிந்திக்கத்தக்கது. ஒரு கண்ணில் மட்டும் சிறு திரை காட்டும் வகை 2025 செப்ரெம்பரிலேயே 799 டொலருக்கு வந்தது. காது கேளாதார்க்குப் பேச்சை எழுத்தாக்கிக் காட்டுவதும், பார்வையிழந்தோர்க்கு முன்னுள்ளதைச் சொல்லுவதும் இத்தகைய கருவிகளால் இயலும் பெரும் பணிகள். அங்கே தேவை மெய்யானது. அத்தேவைக்காகக் கருவி மலிவாக, தமிழிலும் சிங்களத்திலும் இயங்கும் வண்ணம் ஆக்கப்படுமாயின் வரவேற்பும் உறுதி.

ஆகவே இங்கு மறுக்கப்படுவது விஞ்ஞானமன்று. விற்பவரின் ஆவலை மக்களின் தேவையென்று காட்டும் பொய்யே மறுக்கப்படுகின்றது. கரையில் வாழ்வோரிடம் கேளாது செய்யப்பட்ட கருவி அவர்களுடைய அன்றாட வாழ்வில் இடம்பெறாது. அதனை எதிர்காலம் என்று புகழ்ந்து கட்டுரை வரையும் கற்றோர், முதலில் உப்புவெளிக்குச் சென்று, அங்குள்ளோர்க்குக் குறைவது எது என்று கேட்டு வருவாராக.