முற்றத்துக் கல்லிடுக்கில் முளைக்கும் களைகள்



கடற்கரையூர் ஒன்றிலிருந்து சகோதரி ஒருவர் எழுதிய கடிதம் இம்மாதம் நம் முன் இருக்கிறது. வெளிநாட்டில் பணிபுரியும் அவருடைய கணவர் சென்ற விடுமுறையில் ஊர் வந்தபோது, மண்தரையாக இருந்த முற்றத்தில் பெரும் பொருட்செலவில் பேவர் பிளாக் கற்களைப் பதித்துச் சென்றாராம். ஐப்பசி மழை இரண்டு பெய்ததும் கற்களின் இடுக்கெங்கும் புல்லும் பூண்டும் தலைகாட்டிவிட்டன. பிடுங்கப் பிடுங்க முளைக்கின்றன. உரக்கடையில் கேட்டதற்குக் களைக்கொல்லி மருந்து ஒன்றைக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். அந்தக் குப்பி இன்னும் திறக்கப்படாமல் சமையலறைப் பரணில் இருக்கிறது. தவழும் குழந்தையும், காலை இளவெயிலுக்காக முற்றத்தில் வந்து அமரும் மாமியும் உள்ள வீட்டில் இதைத் தெளிக்கலாமா என்று அவர் கேட்கிறார்.

தெளிக்க வேண்டாம், சகோதரி. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்லுகிறோம். இது உங்கள் ஒருவர் வீட்டுச் சிக்கல் அன்று. மண்முற்றங்கள் கல்முற்றங்களாக மாறிவரும் இந்நாளில் பல இல்லங்களிலும் உள்ளதுதான்.

கல்லுக்கு அடியில் இருந்த விதைகளே முளைத்து மேலே வருகின்றன என்று நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் உண்மை அதுவன்று. காற்று கொண்டுவரும் தூசியும், உதிர்ந்து மக்கிய இலைத்துகளும் கல்லிடுக்கில் தங்கி நாளடைவில் மெல்லிய மண்ணாகின்றன. அந்த மண்ணில் மேலிருந்து விழும் விதைகளே மழைக்கு முளைக்கின்றன. அம்மான் பச்சரிசி, குப்பைமேனி, வெட்டுக்காயப்பூண்டு யாவும் இவ்வகையினவே. ஆகவே, ஒரு முறை மருந்தடித்து இருப்பனவற்றைக் கருக்கினாலும், அடுத்த காற்றும் அடுத்த மழையும் புதிய விதைகளுக்கு இடமளித்தே தீரும். விதை தங்குவதற்கான தூசியை அகற்றுவதே நிலையான பரிகாரம். அதற்கு நம் கையிலுள்ள துடைப்பமே போதும்.

இதற்கு விலக்காக இரண்டைச் சொல்லலாம். ஒன்று கோரை. அதன் கிழங்கு மண்ணுக்குள் ஆழத்தில் இருக்கும். இலையைக் கிள்ளினால் மீண்டும் துளிர்க்கும். கல்லுக்கடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பினாலும் அதன் கூரிய முளை துளைத்துக்கொண்டு வந்துவிடும். மற்றொன்று அருகு. ஓரத்து மண்ணிலிருந்து கொடி கொடியாகப் படர்ந்து இடுக்குக்குள் வேரூன்றும். இவ்விரண்டும் கண்ட இடத்தில் நான்கு கற்களைப் பெயர்த்து, கிழங்கையும் வேரையும் தோண்டி எடுத்துவிட்டு, மணலைச் சமன்செய்து அதே கற்களைத் திரும்பப் பதித்துவிடலாம். சிமெண்டுப் பூச்சு இல்லாமல் பதிக்கப்படும் பேவர் கற்களில் உள்ள பெரும் வசதி இதுதான்.

இனிச் செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம்.

முதலாவது, இடுக்குகளை நிரப்புவது. கற்களுக்கிடையே மணல் குறைந்து பள்ளம் விழுந்திருந்தால் அங்கேதான் தூசி சேரும். வெயிலடிக்கும் நாளொன்றில் களைகளை நீக்கி இடுக்குகளைச் சுரண்டிச் சுத்தம் செய்தபின், சலித்த உலர்ந்த மெல்லிய மணலைக் கல்மீது பரப்பி, துடைப்பத்தால் குறுக்கும் நெடுக்குமாகத் தள்ளி இறக்குங்கள். கல் மட்டத்திற்குச் சற்றுக் கீழ்வரை மணல் இறுகி நிற்க வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை குறைந்த இடங்களை நிரப்புங்கள். தோட்டத்து மண்ணை இதற்குப் பயன்படுத்தினால் நாமே பாத்தி கட்டியது போலாகும். கடற்கரை மணலும் ஆகாது. அதிலுள்ள உப்பு கல்லின்மேல் வெண்மையாகப் பூத்துவிடும்.

இரண்டாவது, வாரம் ஒரு முறை தவறாத பெருக்கல். நம் இல்லங்களில் பலவற்றில் ஜும்ஆவை முன்னிட்டு வியாழன் மாலையில் வீட்டைத் துப்புரவு செய்யும் வழக்கம் உண்டு. அப்போது முற்றத்துக் கற்களை ஈர்க்குமாற்றால் இடுக்கின் போக்கிலேயே அழுத்திப் பெருக்கிவிடுங்கள். கண்ணில் படும் முளைகளை நுனி வளைந்த பழைய கத்தியால் வேரோடு கெல்லி எடுங்கள். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் வேர் எளிதில் வரும். எதையும் பூக்கும்வரை விட்டுவைக்காதீர்கள். இவற்றுள் பல முளைத்த சில வாரங்களிலேயே பூத்து விதையைச் சிந்திவிடும். பார்த்தீனியம் தென்பட்டால் வெறுங்கையால் தொடாதீர்கள். தோல் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் தரவல்லது. சுவரோரத்தில் ஆலோ அரசோ துளிர்த்திருந்தால் அன்றே அகற்றுங்கள். அது காகம் இட்ட எச்சத்தில் வந்த விதை. விட்டுவிட்டால் பிறகு கொத்தனாரைத்தான் அழைக்க வேண்டும்.

மூன்றாவது, ஈரம். வுளூச் செய்யும் நீரும் பாத்திரம் கழுவும் நீரும் கல்மீது எப்போதும் ஓடிக்கொண்டிருந்தால் களையோடு பாசியும் படியும். முதியோர் வழுக்கி விழுந்தால் என்னவாகும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. அந்நீரை ஒரு சிறு வாய்க்கால் வழியே தென்னைக்கோ வாழைக்கோ திருப்பிவிடுங்கள். படிந்த பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள்.

சிலர் வேறு உபாயங்களைக் கூறுவதுண்டு. உப்பைக் கொட்டினால் களை கருகும். ஆனால் அந்த உப்பு மண்ணைக் கெடுத்து, அருகிலுள்ள செடிகளுக்கும் சுவர்ப் பூச்சுக்கும் தீங்காகும். வினிகர் இலையைக் கருக்குமேயன்றி வேரைத் தொடுவதில்லை. அதுவும், குளியலறை கழுவும் அமிலமும் கடப்பைக் கல்லில் படவே கூடாது. கடப்பைக் கல் சுண்ணாம்புக் கல் வகையைச் சேர்ந்தது. அமிலம் அதை அரித்து மெருகைப் போக்கிவிடும். கடப்பைக் கல் பதித்த முற்றமாயின், விரிந்த இடுக்கைச் சுரண்டி நனைத்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலந்த சாந்தால் அடைத்து, ஒரு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொதிநீர் ஊற்றுவது இளம் முளைகளுக்குப் பயன்படும். ஆனால் கிழங்கை அது அழிப்பதில்லை. குழந்தை நடமாடும் நேரத்தில் கொதிக்கும் பாத்திரத்தோடு முற்றத்தில் இறங்குவதும் ஆபத்து. எறும்புகள் குடியிருக்கும் இடுக்கில் ஊற்றாதீர்கள். எரிக்கப்பட்ட எறும்புப் புற்றைக் கண்ட அண்ணலார் (ஸல்) அவர்கள், நெருப்பால் தண்டிக்கும் உரிமை நெருப்பின் இறைவனுக்கே உண்டு என்று கண்டித்த செய்தி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. கொதிநீர் நெருப்பன்று எனினும், அந்த அருள்மொழியை அறிந்த கை சற்றுத் தயங்கத்தானே செய்யும்!

முற்றம் முழுவதையும் சிமெண்டால் மூடிவிட்டால் என்ன என்று கேட்போரும் உளர். அப்படிச் செய்தால் மழைநீர் மண்ணில் இறங்க வழியின்றித் தெருவுக்கு ஓடிவிடும். 2003ஆம் ஆண்டில் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டதை நினைவிற்கொள்ளுங்கள். மணல் நிரம்பிய கல்லிடுக்கு, நம் கிணற்றுக்கு நீர் இறங்கும் வழியும் ஆகும்.

இறுதியாக, பரணில் இருக்கும் அந்தக் குப்பி. களைக்கொல்லிகளுள் பாராகுவாட் என்பதை ஒரு மிடறு விழுங்கினாலும் உயிர் போகக்கூடும். அதற்கு மாற்று மருந்து இல்லை. கிளைஃபோசேட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் எனக் கருத இடமுண்டு என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் வகைப்படுத்தியது. 2022 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, அதைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் புரிவோர் வழியாகவே பயன்படுத்த வேண்டும் என்று வரையறுத்தது. தெளித்த கல்லின்மேல்தான் குழந்தை தவழ்ந்து, அதே கையை வாயில் வைக்கும். மிஞ்சிய மருந்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பதோ, உணவுப் பொருளருகே வைப்பதோ எத்துணைப் பெரிய விபத்துக்கு வழி! தவறி எவரேனும் அருந்திவிட்டால் ஒரு நொடியும் தாமதியாமல், குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். சகோதரி, திறவாத அக்குப்பியைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சாக்கடையில் கொட்டிவிடாதீர்கள்.

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். களை என்ற சிறு தொல்லையை அகற்றப் போய், நஞ்சு என்ற பெருந்தொல்லையை வீட்டுக்குள் கொண்டுவரலாமா? உங்கள் கணவர் வியர்வை சிந்தி ஈட்டிய பொருளில் பதித்த கற்கள் அவை. அவற்றைக் காப்பதற்கு வாரத்தில் அரைமணி நேரம் போதும். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த விடுமுறையில் அவர் வந்து வாசலில் கால் வைக்கும்போது, இன்ஷா அல்லாஹ், முற்றம் துப்புரவாக இருக்கும். குழந்தையும் அதில் அச்சமின்றித் தவழும்.

வஸ்ஸலாம்.