பட்டியலை வகுப்பில் வாசிக்க வேண்டாம்

காரைக்கால் மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர்தான். ஒரு பக்கம் கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. இந்தச் சிறிய நிலத்துக்குள் பட்டினச்சேரி, காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு போன்ற மீனவக் கிராமங்கள் இருக்கின்றன. நெடுங்காடு, திருநள்ளாறு பக்கத்தில் வயல் வேலையை நம்பி வாழும் பட்டியலினக் குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு காலத்தில் வியட்நாமின் சைகோனுக்குப் பிழைக்கப் போன, இன்று வளைகுடாவுக்குப் போகும் முஸ்லிம்களின் தெருக்கள் உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால் 1962-இல் இந்தியாவோடு சட்டப்படி இணைந்த பிறகும் பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. தொடக்கப்பள்ளி வரை தத்தம் ஊருக்குள்ளேயே படித்துவிடும் பிள்ளைகள் பலர், உயர்நிலைப் பள்ளிக்கு வரும்போதுதான் முதன்முறையாக ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். அந்த முதல் சில மாதங்களில் ஒரு பிள்ளை பள்ளியோடு ஒட்டுகிறதா, ஒதுங்குகிறதா என்பது அதன் மனநலத்தோடு மட்டும் நிற்கும் விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. அது கணக்கிலும் அறிவியலிலும் எடுக்கும் மதிப்பெண் வரைக்கும் போகிறது. ஆகவே பிள்ளையை ஒட்டவைப்பதைக் கற்பித்தலின் முதல் வேலையாகவே பள்ளி எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நம் நாட்டிலேயே வலுவான சான்று இருக்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியலாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் 6, 7-ஆம் வகுப்பு மாணவர்கள் 642 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். பாதிப்பேர் உயர்சாதி எனப்படும் பிரிவினர். மறுபாதி ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள். வேலை எளியது: காகிதத்தில் அச்சிட்ட புதிர்ப்பாதைகளுக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். யார் என்ன சாதி என்று சொல்லாதபோது இரு தரப்பும் ஏறக்குறைய சமமாகவே செய்தன. அடுத்து, ஒவ்வொரு பையனின் பெயர், ஊர், தந்தை பெயர், பாட்டன் பெயர், சாதி ஆகியவற்றை ஆறு பேர் கொண்ட குழுவின் முன்னால் உரக்க வாசித்துவிட்டு அதே வேலையைக் கொடுத்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளின் திறன் சட்டென்று சரிந்தது. ஒரு வரி வாசிப்புக்கு இவ்வளவு பலம் இருக்கிறது. இப்போது நம் வகுப்பறைகளை நினைத்துப் பாருங்கள். உதவித்தொகைச் சுற்றறிக்கை வந்ததும், “எஸ்.சி. பிள்ளைகளெல்லாம் எழுந்திருங்க, சாதிச் சான்றிதழ் கொண்டுவந்தாச்சா?” என்று கேட்பது ஊரறிந்த வழக்கம். கேட்பவர் மனதில் கெடுதல் ஏதும் இருக்காது, பணம் சேர வேண்டியவருக்குச் சேர வேண்டும் என்ற அக்கறையில்தான் கேட்கிறார். ஆனால் அந்த ஆய்வில் வாசித்த வரிக்கும் இதற்கும் வேறுபாடு மிகக் குறைவு. எழுந்து நின்ற பிள்ளை அடுத்த பீரியடில் கணக்குப் போட வேண்டும்.

இதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் ஒரு தொடக்கம் நிகழ்ந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் அரசு ஒருநபர்க் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அறிக்கையில் சாதி அடையாளக் கயிறுகளைத் தடை செய்வது பற்றிய பரிந்துரைதான் பெரிய விவாதமானது. என் பார்வையில் அதைவிட முக்கியமானவை ஓசையில்லாத பரிந்துரைகள்: வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு இருக்கக் கூடாது, ஆசிரியர் மாணவரைச் சாதி சுட்டி அழைக்கக் கூடாது, அகரவரிசைப்படி இருக்கை தர வேண்டும். இவற்றுக்குப் பைசா செலவில்லை. ஆனால் அந்த அறிக்கை தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கானது. வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் நாகூர் என்ற அளவுக்கு அருகிலிருந்தும், புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் பள்ளிகள் அதன் வரம்புக்கு வெளியே நிற்கின்றன. புதுச்சேரி அரசு தன் பள்ளிகளுக்கென இப்படி ஒரு ஆணை பிறப்பிக்க எந்தத் தடையும் இல்லை.

பாடத்திட்ட மாற்றம் இந்தத் தேவையை இன்னும் அவசரமாக்கியிருக்கிறது. நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்த காரைக்கால் அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறி, 2025-இல் முதன்முறையாக அந்தப் பொதுத்தேர்வை எழுதின. நுழைவுத்தேர்வுகளுக்கு உதவும் என்பதே மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆங்கிலப் பாடநூலும் ஆங்கில விடைத்தாளுமான வகுப்பில், வீட்டில் ஆங்கிலம் கேட்டிராத பிள்ளை சந்தேகத்தை வாய்விட்டுக் கேட்பதே இல்லை. தன் தமிழும் தன் பேச்சும் இங்கே செல்லாது என்று அது முடிவு கட்டிவிடுகிறது. தமிழில் கேட்கலாம், தமிழில் விளக்கலாம், பிறகு ஆங்கிலத்தில் எழுதலாம் என்பதை ஆசிரியர் முதல் நாளே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மொழியைப் போலவே நாள்காட்டியையும் ஆசிரியர் கவனிக்க வேண்டும். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது விசைப்படகை நம்பிய மீனவ வீட்டில் ஏறக்குறைய இரண்டு மாதமாகக் கடல் வருமானம் இருக்காது. அப்போது நோட்டும் சீருடையும் வாங்காமல் வந்த பிள்ளையை வகுப்பில் நிறுத்திக் கேட்பதற்கு முன், அன்றைய தேதியைப் பார்ப்பது நல்லது.

எதிர்வாதங்கள் உண்டு. காரைக்காலில் மாங்கனித் திருவிழாவுக்கும் மஸ்தான் சாகிபு தர்கா கந்தூரிக்கும் எல்லோரும்தானே வருகிறார்கள், இங்கே ஏது பிரிவினை என்பார்கள். அந்த ஒற்றுமை உண்மையானது, போற்ற வேண்டியது. ஆனால் திருவிழாவில் ஒரு நாள் தெருவைப் பகிர்வது வேறு, ஆண்டு முழுவதும் பெஞ்சையும் டிபன் பாக்ஸையும் பகிர்வது வேறு. சாதியைச் சொல்லாவிட்டால் சலுகை எப்படிப் போய்ச் சேரும் என்பது அடுத்தது. விவரம் அலுவலகக் கோப்பில் இருக்கட்டும். தலைமையாசிரியர் பெற்றோரைத் தனியே அழைத்துப் பேசட்டும். இன்னொரு கவலை, பல தரப்புப் பிள்ளைகளைக் கலந்து உட்காரவைத்தால் தரம் குறையும் என்பது. டெல்லியின் வசதியான தனியார் பள்ளிகளில் ஏழை மாணவர்களும் சேர்க்கப்பட்டதன் விளைவைப் பொருளியலாளர் கௌதம் ராவ் ஆராய்ந்தார். 2019-இல் வெளியான அந்த ஆய்வின்படி வசதியான பிள்ளைகளின் மதிப்பெண்ணில் பெரிய பாதிப்பு இல்லை. ஆங்கிலத்தில் மட்டும் சிறு சரிவு. மாறாக அவர்களிடம் ஈகைக் குணம் கூடியது, ஏழைப் பிள்ளைகளை ஒதுக்கும் போக்கு குறைந்தது. சிறு இழப்பு இருந்ததை மறைக்கத் தேவையில்லை. கிடைத்தது அதைவிடப் பெரிது என்பதே என் கணிப்பு.

அறிவுரை வகுப்பு ஒன்று நடத்தினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்க அனுபவம் பாடமாகும். புதிதாகச் சேரும் மாணவருக்கு, ‘ஒட்டாத உணர்வு எல்லோருக்கும் வரும், போகப்போகச் சரியாகும்’ என்று உணர்த்தும் ஒரு மணி நேரப் பயிற்சி, கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் இடைவெளியை மூன்றாண்டுகளில் பாதியாகக் குறைத்தது என உளவியலாளர்கள் வால்டனும் கோஹனும் 2011-இல் காட்டினார்கள். 22 கல்லூரிகளில் 26,911 மாணவர்களிடம் அதையே விரித்துச் செய்து 2023-இல் வெளியிட்டபோது, மாணவர் ஒட்டுவதற்கு வாய்ப்புள்ள சூழல் கல்லூரியில் உண்மையாக இருந்த இடங்களில்தான் அது பலன் தந்தது என்று தெரிந்தது. எனவே பதிவேட்டையும் இருக்கையையும் சுற்றறிக்கை வாசிக்கும் முறையையும் முதலில் மாற்றிவிட்டு, அதன்பின் புதிதாக வரும் பிள்ளைகளிடம் பேச மூத்த மாணவர்களை அனுப்பலாம். புதுச்சேரி பள்ளிக் கல்வி இயக்ககம் இரண்டு பக்க ஆணை ஒன்றில் இதைத் தொடங்க முடியும்.