அவர்கள் செய்தால் பீர், நாம் செய்தால் ஊறல்

முளைகட்டிக் காயவைத்த பார்லியை உடைத்து 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், அதிலுள்ள மாவு சர்க்கரையாகும். சாற்றை வடித்து, ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் தூவி மூடிவைத்தால் சில வாரங்களில் பீர். 20 லிட்டருக்கு நாலைந்து கிலோ தானியம், பெரிய பாத்திரம், வடிதுணி, வெப்பமானி, மூடி போட்ட வாளி போதும். யூடியூபில் இதற்குப் பெயர் 'ஹோம் புரூயிங்'. படித்தவர்களின் பொழுதுபோக்கு.

அதே வாளியும் தானியமும் திண்டிவனம் பக்கத்துக் காலனி வீட்டில் இருந்தால் பெயர் 'ஊறல்'. மறுநாள் பேப்பரில் 'ஊறல் அழிப்பு' என்று செய்தி வரும்.

சட்டம் இருவருக்கும் ஒன்றுதான். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937, பிரிவு 4 மது தயாரிப்பதைக் குற்றம் என்கிறது. பார்லியா கேழ்வரகா, அடுக்குமாடியா காலனியா என்று சட்டம் பார்ப்பதில்லை. ஜீப் பார்க்கிறது. களப்பணியில் நான் பார்த்தவரை அது சேரிப் பக்கம்தான் திரும்புகிறது. அதற்கு மேல் 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டம், நாம் குண்டர் சட்டம் என்று சொல்வது, 'கள்ளச்சாராயக்காரர்' என்று முத்திரை குத்தி விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கும்.

மதுவிலக்கு மாகாணம் முழுக்க வந்தது 1948 அக்டோபர் 2இல், நம் ஓமந்தூரார் ஆட்சியில். 1947இன் கோயில் நுழைவுச் சட்டமும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் அவர் காலத்தவைதான்; அந்த மரியாதை அவருக்கு உண்டு. ஆனால் அவர் சொன்ன ஒழுக்கம் இன்று எங்கே இருக்கிறது? 2003 முதல் சில்லறை மதுக்கடையை நடத்துவதே அரசின் டாஸ்மாக்தான். குடிக்கலாம், தயாரிக்கக் கூடாது! ஆலை முதலாளிக்கு உரிமம், ஏழைக்கு வழக்கு. மதுவிலக்கில் மிச்சமிருப்பது இவ்வளவுதான்.

'வீட்டில் காய்ச்சுவது அந்தச் சாதிகளின் பழக்கம்' என்பவர்கள் பெரும்பாணாற்றுப்படையைப் படிக்கட்டும். அரிசிக் கூழை ஆறவைத்து, அடை சேர்த்து, சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு வைத்து, விரலால் அலைத்துப் பிழியும் முறை அதில் வரிசையாக வருகிறது. மீன் பிடிக்கும் வலைஞர் வீட்டில், விருந்தாளிக்கு. பாட்டில் வந்தால் பண்பாடு, பாட்டி செய்தால் குற்றமா?

'அப்போ எக்கியார்குப்பம்?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டிலுமாக 20க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் தொடங்கி 60க்கும் மேற்பட்டோர். பெரும்பாலும் கூலி வேலை செய்தவர்கள். அவர்களைக் கொன்றது தானியம் ஊறிய பானை இல்லை. ஆலைக்குப் போகவேண்டிய மெத்தனால். பெயருக்குத்தான் சாராயம், உண்மையில் ரசாயனம். தானியத்தை நொதிக்கவைத்தால் அந்த அளவு மெத்தனால் வராது. இந்த வித்தியாசத்தை மறைத்தால் லாபம் யாருக்கு? மெத்தனாலை விற்றவனுக்கும், அதைக் கண்டுகொள்ளாதவனுக்கும். சாவுக்குப் பிறகு நடக்கும் 'அதிரடி வேட்டை'யில் பானை உடையும், மெத்தனால் வந்த பாதை அப்படியே இருக்கும்.

தோழர்களே, வீட்டுக்கு வீடு ஊறல் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. குடியால் அடிபடும் பெண்களோடுதான் என் வேலை. 1951 தேர்தல் அறிக்கையில் அண்ணல் அம்பேத்கர் மதுவிலக்கை எதிர்த்தார். அரசு வருவாயை இழக்கிறது, சாராயம் குடிசைத் தொழிலாகிப் பெண்களையும் பிள்ளைகளையும் தொடுகிறது என்பது அவர் வாதம். குடியை அவர் கொண்டாடவில்லை. தடை யார் வீட்டுக்குள் போய் விழுகிறது என்று கணக்குப் பார்த்தார். நாமும் அதைத்தான் பார்க்க வேண்டும்.

கணக்கை நீங்களே எடுக்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். உங்கள் காவல் நிலையத்தில் பத்து ஆண்டுகளில் பிரிவு 4இல் எத்தனை வழக்குகள், எந்தெந்தத் தெருவில்? அதே காலத்தில் மெத்தனால் கடத்தியதாக எத்தனை பேர் மேல் வழக்கு? இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஊர் நடுவில் ஒட்டுங்கள்.

ஜெய்பீம்.