வைரஸ் மேல் பழி, பீடிக்கு விடுதலையா?

தொண்டைப் புற்றுநோய் வைரஸ் கிருமியாலும் வரக்கூடும் என்று டாக்டர்கள் சொல்வது உண்மையே. ஆனால் அந்த உண்மை மும்பையின் பட்டறைகளிலும் ஆபீசுகளிலும் இரண்டு விதமாகத் திரிந்து உலவுகிறது. "கிருமிதான் காரணமென்றால் பீடியை ஏன் விடவேண்டும்?" என்கிறார் ஒருவர். "கிருமி என்றால் ஒட்டிக்கொள்ளுமே!" என்று நோயாளியின் டம்ளரைத் தனியே ஒதுக்கி வைக்கிறார் இன்னொருவர். இரண்டுமே தவறு.

1964-ல் கண்டறியப்பட்ட எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கும், மூக்கின் பின்புறம் தொண்டையின் மேற்பகுதியில் வரும் புற்றுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் இந்த வைரஸ் பெரியவர்களில் ஏறக்குறைய எல்லோர் உடலிலும் இருக்கிறது. புற்று வருவதோ மிகச் சிலருக்குத்தான். அப்படியிருக்க, டம்ளரைப் பிரித்து வைத்து என்ன பயன்?

மற்றொன்று மனித பாப்பிலோமா வைரஸ். பெண்களின் கருப்பை வாய்ப் புற்றுக்கு இதுவே காரணம் எனக் கண்டறிந்த ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. இதன் 16-ம் வகை டான்சிலிலும் நாக்கின் அடிப்பகுதியிலும் புற்றை உண்டாக்கும். இது பெரும்பாலும் உடலுறவு வழியாகப் பரவுகிறது. பலருக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே மறைந்துவிடும். சிலருக்கு மட்டும் உடலிலேயே தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றாகிறது. எப்போது, யாரால் வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. எனவே நோயாளியின் ஒழுக்கத்தை விசாரிக்க யாருக்கும் உரிமையில்லை. அந்தப் பழிச்சொல்லுக்கு அஞ்சியே ஒருவர் நோயை மறைத்தால், பழித்தவருக்கும் அதில் பங்குண்டு.

அமெரிக்காவில் டான்சில் புற்றுக்கு இந்த வைரஸே முதற்காரணமாகிவிட்டது. நம் நாட்டு நிலை வேறு. வாய், தொண்டைப் புற்றுகளில் பீடி, சிகரெட், குட்கா, பாக்கு, மது ஆகியவற்றின் பங்கே இங்கு பெரிது. புகையும் குடியும் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்கு. மகாராஷ்டிர அரசு 2012-ல் குட்காவைத் தடை செய்தது. வாங்கும் கை நிற்காதவரை அந்தத் தடை முழுப் பலன் தராது.

பாப்பிலோமா வைரஸைத் தடுக்கும் ஊசி புனேயிலேயே தயாராகிறது. வந்த புற்றை அது குணப்படுத்தாது. கிருமி தொற்றுவதற்கு முன், சிறு வயதிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு, ஆண் பெண் பேதமின்றி, இதை இலவசமாகப் போடுவது அரசின் கடமை.

மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தாலும், கழுத்தில் வலியில்லாத கட்டி தென்பட்டாலும், விழுங்கச் சிரமப்பட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. ஒரு நாள் கூலி போனால் மறுநாள் சம்பாதித்துக்கொள்ளலாம். முற்றிய புற்றுக்கு அந்த மறுநாள் கிடையாது.