பெயர் எழுதாத சித்திரங்கள்

பாரிஸ் நகரத்தில் 1827ஆம் ஆண்டு தொடங்கி 1835 வரையில் ஒரு சித்திரப் புத்தகம் பகுதி பகுதியாக வெளியாயிற்று. 'பிரெஞ்சு இந்தியா' என்பது அதன் பெயர். நமது கோயில்களும் தெய்வங்களும், நம் ஜனங்களின் ஆடையாபரணங்களும், வீட்டுச் சாமான்களுங்கூட அதில் கல்லச்சில் பதிந்து வர்ணத்துடன் காட்சி தருகின்றன. வில்லியனூர், பாகூர் நேயர்களுக்கு இது அயலார் விஷயமன்று. 1750ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1954 நவம்பர் முதல் தேதி நம்மிடம் திரும்பிய சீமையல்லவா அது?

விளக்கவுரை எழுதியவர்களுள் ஒருவர் யூஜீன் பர்னூப். சம்ஸ்கிருதத்தில் மகா பண்டிதர். ஆயினும் இந்திய மண்ணில் அவர் ஒரு நாளும் கால் வைத்ததில்லை!

இத்தகைய சித்திரங்களால் நமக்கு நன்மையே இல்லையென்று நாம் சொல்ல மாட்டோம். நம் பாட்டிமார்களின் பாட்டிமார்கள் சேலை உடுத்திய விதத்தையும், அணிந்த நகைகளையும் இன்று அறிவதற்கு அவை பெரிதும் உதவுகின்றன. அதற்காக நன்றி செலுத்துவோம். ஆனால் ஒரு கேள்வி கேட்காமல் இருக்க முடியவில்லை. குடத்துடன் நிற்கும் இந்தப் பெண்மணி யார்? படத்தின் அடியில் ஜாதிப் பெயர் இருக்கும், தொழிற்பெயர் இருக்கும், அவளுடைய பெயர் மட்டும் இராது. செடி கொடிகளை வகைப்படுத்துவது போல் மனிதர்களையும் வகைப்படுத்திவிட்டார்கள்.

இயற்கைக் காட்சிகளின் கதியும் ஏறக்குறைய இதுவே. 1792இல் தென்னாட்டைச் சுற்றிய டானியல் என்னும் ஆங்கிலச் சித்திரக்காரர்களின் படங்களில் கோபுரம் ஓங்கி நிற்கும். கீழே மனிதர்கள் எறும்பளவு இருப்பார்கள். வில்லியனூர்த் திருக்காமீசுவரர் தேரையோ ஜனங்கள் இன்றும் கூடி இழுக்கிறார்கள். அன்று பிரெஞ்சுக் கவர்னரே வந்து வடம் பிடித்தார். வடம் பிடித்த ஆயிரம் கைகளையும் சேர்த்துப் பார்த்தாலன்றோ கோயில் முழுமையாகும்?

இதற்கு ஒரு விலக்கும் உண்டு. பாகூருக்குத் தெற்கே பெண்ணையாற்றைக் கடந்து சில மைல் போனால் திருவஹீந்திரபுரம். அவ்வூர்த் தேவதாசிகள் ஐவர் 1838இல் கப்பலேறிப் பாரிஸுக்குச் சென்று நாடகமேடையில் ஆடினார்கள். அவர்களுள் ஒருத்தியைப் பார் என்ற பிரெஞ்சுச் சிற்பி வெண்கலத்தில் வடித்தார். தேயோபீல் கோத்தியே என்ற ஆசிரியர் அவளைப் பற்றி எழுதினார். அவள் பெயர் அம்மணி. அந்தப் பெயர் தப்பிப் பிழைத்ததனால் அல்லவா, இருநூறு ஆண்டுகளை நெருங்கும் இக்காலத்தில் அவளை ஒரு மனுஷியாக நாம் நினைக்க முடிகிறது?

அந்நியரைக் குறை சொல்லி முடித்துவிட்டால் நமக்குச் சௌகரியந்தான். ஆனால் நமது வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்போம். மங்கிப்போன பழைய புகைப்படங்கள் எத்தனை கிடக்கின்றன! தாத்தாவின் பக்கத்தில் நிற்கும் அந்த அம்மாள் யார் என்று கேட்டால், "யாரோ அத்தை முறை" என்கிறோம். இதற்கும் அந்தப் பாரிஸ் புத்தகத்திற்கும் என்ன வித்தியாசம்?

தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு, ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் பெயரையும் ஊரையும் இன்றே எழுதி வையுங்கள். ஒரு பென்சில் போதும்.