ஆத்திரமும் ஆத்ரமும்

ஹைதராபாத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில் நடந்தது. மாத முதல் வாரம், கவுன்டரில் பென்ஷன் கூட்டம். ஒரு பெரியவரின் பாஸ்புக்கில் மளமளவென்று பிரிண்ட் போட்டு நீட்டினேன். "எந்துக்கு சார் ஆத்ரம்?" என்றார் சிரித்தபடி. எனக்குச் சுருக்கென்றது. நான் எப்போது இவர்மேல் ஆத்திரப்பட்டேன்? தெலுங்கில் ஆத்ரம் என்றால் கோபம் இல்லை, அவசரம் என்று பக்கத்து சீட்காரர் பிறகு சொன்னார். அதற்குள் இல்லாத கோபம் எனக்கு வந்துவிட்டிருந்தது :-)

யோசித்தால் நம்மிடமும் அந்தப் பொருள் இருக்கிறது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்கிறோமே, அவன் அவசரக்காரன்தான். "ஆத்திர அவசரத்துக்கு உதவாத பணம்" என்கிறோமே, அதில் கோபம் எங்கே? மூலம் 'ஆதுர' என்ற வடசொல். நோயுற்ற, தவிக்கிற என்று பொருள். காஞ்சிபுரம் பக்கத்துத் திருமுக்கூடல் கோயிலில் 11ஆம் நூற்றாண்டு வீரராஜேந்திர சோழன் கல்வெட்டு, 15 படுக்கை கொண்ட 'ஆதுலர் சாலை'யைச் சொல்கிறது. நோய், தவிப்பு, அவசரம், கோபம்... தெலுங்கு மூன்றாவது படியில் நின்றது. தமிழ் நாலாவதுக்கும் போனது.

இங்கே பிறந்த என் மகள் ஊரிலிருக்கும் பாட்டியிடம் போனில், "ஆத்திரமா ஓடி வந்தேன் பாட்டி" என்றாள். உடனே அம்மா என்னிடம், "குழந்தையை யாருடா திட்டினது?" என்றார். மனைவி அவளைத் திருத்தப் போனாள். வேண்டாம் என்றேன். அவள் பேசுவது தப்புத் தமிழ் இல்லை, நாம் பாதி மறந்த தமிழ்.

என் கவலை வேறு. பசி, பயம், கோபம், அவசரம் எல்லாவற்றுக்கும் நம் வீடுகளில் இப்போது ஒரே சொல், 'டென்ஷன்'. உள்ளே எது உந்துகிறது என்று பெயர் சொல்லத் தெரியாவிட்டால் அதை எப்படி நிறுத்துவது?

சில மாதங்களுக்கு முன் ஓய்வுபெற்ற ஒருவர் வந்தார். டெபாசிட்டை முறித்து உடனே ஒரு கணக்குக்கு அனுப்ப வேண்டுமாம். கை நடுங்கியது. கேட்டால் "டென்ஷன் சார்" என்பதற்கு மேல் பேச்சில்லை. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, "எந்துக்கு சார் ஆத்ரம்?" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "நாக்காது சார், வாள்ளக்கு" என்றார். எனக்கில்லை, அவர்களுக்குத்தான் அவசரம். பிறகு எல்லாம் வெளியே வந்தது. போனில் போலீஸ் என்று மிரட்டல், 'டிஜிட்டல் அரெஸ்ட்'. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒன்றே கிடையாது. பணம் போகவில்லை. 1930க்குப் போன் செய்து புகார் கொடுத்தோம்.

பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதச் சொல்லித்தர நேரமில்லை என்கிறோம். சரி. மனதில் எழுவதற்கான நாலு சொற்களையாவது, அவற்றின் வித்தியாசத்தோடு கொடுப்போம். தெலுங்குச் சாயலோடு சொன்னாலும் பரவாயில்லை. சொல் இருந்தால் நிதானம் வருகிறது, என் அனுபவம் அதுதான்.